மணலே கடலுக்கு வரம்பு



எரேமியாஸ் இறைவாக்கினரின் நூல் ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் மக்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார். கடலுக்கு எல்லை வகுத்த தமக்கு அவர்கள் அஞ்சவேண்டாமா என்பதே அந்தக் கேள்வியின் பொருள். அந்த எல்லையை அவர் எதைக்கொண்டு வகுத்தார்? கருங்கல்லாலா? இரும்பாலா? இல்லை. மணலால் வகுத்தார் என்று இறைவாக்கினர் சொல்கிறார்.

கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிப்போகும் மணல். சிறுபிள்ளை காலால் தட்டினால் கலைந்துபோகும் மணல். இவ்வளவு பெரிய கடலை மறித்து நிறுத்த ஆண்டவருக்கு இதைவிட உறுதியான பொருள் கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கரையூர் மக்களாகிய நம்மில் எவரும் இந்த வார்த்தையை வெறும் உவமை என்று தள்ளிவிட முடியாது. ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் நீளமான கரை இந்தத் தீவைச் சுற்றி இருக்கிறது. அந்தக் கரையிலே எத்தனையோ இடங்களில் கடல் ஊருக்குள் ஏறிவருகிறது. தென்னைகள் வேரோடு சாய்கின்றன. வள்ளம் இழுத்து வைக்க இடமில்லை. கரைவலை இழுக்கக் கரையில்லை. வரம்பு ஏன் உடைகிறது? ஆண்டவர் வைத்த எல்லை பிழைத்துவிட்டதா? அல்லது அந்த எல்லையை நாமே அள்ளிக்கொண்டு போய்விட்டோமா? இதைத்தான் இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டும்.

மணல் செய்யும் தொண்டு

மணல் எப்படிக் காவல் செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். அலை ஒன்று கல்மதிலில் வந்து மோதினால் அது திரும்பி அடித்து மதிலின் அடியைத் தோண்டுகிறது. அதே அலை சரிவான மணற்கரையில் ஏறினால், ஏற ஏற வலுக்குறைந்து, பாதித் தண்ணீர் மணலுக்குள்ளே இறங்கி, சாதுவாகத் திரும்பிப் போகிறது. கல் எதிர்த்து நிற்கிறது. மணலோ தாங்கிக்கொள்கிறது. பணிவுக்கு உள்ள பலம் இதுதான்.

காற்றுக் காலத்திலே கடல் கரையிலிருந்து மணலை எடுத்துச் சற்றுத் தூரத்தில் மேடாகக் குவிக்கிறது. அடுத்து வரும் பேரலைகள் அந்த மேட்டிலே உடைந்துபோகின்றன. காற்று ஓய்ந்தபின் எடுத்த மணலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சோளகக் காலத்தில் மேற்குக் கரை மெலிவதையும் பின்பு அகலுவதையும் நம் தொழிலாளர் பரம்பரையாகக் கண்டு வந்திருக்கிறார்கள். கடல் கள்வன் அல்ல. கொடுக்கல் வாங்கல் தெரிந்த அயலவன்.

இந்த மணல் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மலைநாட்டிலிருந்து வருகிறது. மழையால் கல் தேய்ந்து மணலாகி, களனி கங்கை, மகா ஓயா போன்ற ஆறுகளில் இறங்கிக் கடலைச் சேருகிறது. கடலைச் சேர்ந்தபின்பும் அது ஓரிடத்தில் தங்குவதில்லை. அலை கரையைச் சாய்வாக வந்து அடிப்பதால் மணல் கரையோரமாகவே நடந்து போகிறது. கொழும்புக்கு வடக்கே அது பெரும்பாலும் வடக்கு நோக்கியே நடக்கிறது. ஆகவே நீர்கொழும்பின் கரையிலே இன்று கிடக்கும் மணல் நாளைக்கு மாரவிலையின் மணல். பின்பு சிலாபத்தின் மணல்.

சகோதரரே, இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் கிடக்கும் மணல் எந்த ஊருக்கும் சொந்தச் சொத்தல்ல. பந்தியிலே கைமாறிக் கைமாறிப் போகும் சோற்றுச் சட்டி போல அது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டவருடைய விருந்துக்குக் கூடிவந்த கொரிந்தியருள் சிலர் வயிறாரத் தின்ன, சிலர் பட்டினியாய் இருந்ததைக் கண்டு சின்னப்பர் எவ்வளவு மனம் நொந்து கண்டித்தார்! சட்டியைத் தன் முன்னாலே நிறுத்தி வைத்துக்கொள்பவன் கடைசியில் இருப்பவனைப் பட்டினி போடுகிறான். கடற்கரையிலும் அதுவே நடக்கிறது.

வரம்பை அள்ளியவர்கள்

முதலாவது, ஆற்றில் மணல் அள்ளினோம். வீடும் மாடியும் பாலமும் கட்ட மணல் தேவைதான். ஆனால் மலையிலிருந்து ஆறு கொண்டுவரும் அளவைவிட அதிகமாக, ஆற்றின் அடிமடியையே தோண்டி லொறி லொறியாக ஏற்றினால், கடலுக்குப் போய்ச் சேர என்ன மிஞ்சும்? நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையுள்ள கரை, கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கரை, இத்தீவிலே கடலரிப்பினால் மிகவும் வருந்திய கரைகளுள் ஒன்றாயிற்று. களனி கங்கையிலும் மகா ஓயாவிலும் நடந்த மணல் அகழ்வு அதற்கு முக்கியமான ஒரு காரணம். ஆற்றங்கரையில் மண்வெட்டி பிடித்தவனுக்குக் கடற்கரையில் வீடிழந்தவனைத் தெரியாது. தெரியாவிட்டாலும் இருவரையும் அந்த ஆறு இணைக்கிறது.

இரண்டாவது, முருகைக்கல்லை உடைத்தோம். கரைக்கு அப்பால் கடலுக்குள்ளே முருகைக்கற் பாறைகள் வேலிபோல நிற்கின்றன. அலையின் முதல் வேகத்தை அவையே அடக்குகின்றன. தென்மேற்குக் கரையிலே சுண்ணாம்புக்காக இந்த வேலியைப் பல ஆண்டுகளாக உடைத்துச் சூளையில் சுட்டார்கள். 1988ஆம் ஆண்டு கரையோரம் பேணல் சட்டம் திருத்தப்பட்டு, கரையோர வலயத்திலே முருகைக்கல் எடுப்பதும் சுடுவதும் தடைசெய்யப்பட்டன. ஆனால் பல இடங்களில் வேலி ஏற்கெனவே போய்விட்டது. தடை வந்தபின்பும் களவாக எடுப்பது நிற்கவில்லை.

அதற்குரிய கணக்கு 2004 டிசெம்பர் 26ஆம் நாள் தீர்க்கப்பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை; நத்தாருக்கு மறுநாள். ஆழிப்பேரலை நம் வடக்கு, கிழக்கு, தெற்குக் கரைகளில் செய்த அழிவை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. நம்மில் பலருடைய வீடுகளில் அந்த நாளின் வெற்றிடம் இன்னும் இருக்கிறது. காலிக்கு அருகே பெரேலியவில் ஒரு புகையிரதத்தையே அலை தூக்கி எறிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். பின்பு அந்தக் கரையை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். முருகைக்கல் எடுக்கப்பட்டிருந்த பெரேலியப் பகுதியில் கடல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே வந்தது. சில கிலோமீற்றர் தள்ளி, முருகைக்கற் பாறைகள் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையிலோ அலை தாழ்ந்து, ஏறக்குறைய ஐம்பது மீற்றரளவில் நின்றுவிட்டது. ஒரே நாள், ஒரே கடல். வேலி இருந்த இடமும் வேலி போன இடமும் அன்று வேறாகத் தெரிந்தன.

மூன்றாவது, போகிற மணலை வழியிலே மறித்தோம். அம்பாறை மாவட்டத்திலே ஒலுவில் என்னும் ஊரில் 2008இல் துறைமுக வேலை தொடங்கியது. 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. அலையை மறிக்கக் கடலுக்குள்ளே நீட்டிப் பெரிய கல்லணைகள் கட்டினார்கள். அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நடக்கும் மணல்தான். அணைக்குத் தெற்கே மணல் மலையாய்க் குவிந்தது. துறைமுக வாயிலையும் அடைத்தது. அணைக்கு வடக்கே, வரவேண்டிய மணல் வராமற்போகவே, கடல் நிலத்தைத் தின்னத் தொடங்கியது. ஒலுவில் மக்களும் அடுத்துள்ள நிந்தவூர் மக்களும் தென்னந்தோட்டங்களை இழந்தார்கள். தோணி ஏற்றும் கரையை இழந்தார்கள். தொழில் வளரும் என்று நம்பிய மீனவனுக்குத் துறைமுகமும் ஒழுங்காக உதவவில்லை. பழைய கரையும் மிஞ்சவில்லை.

என் அயலவன் யார்?

ஒலுவிலும் நிந்தவூரும் முஸ்லிம் சகோதரர் வாழும் ஊர்கள். அவர்களுடைய துன்பத்தை ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையில் ஏன் சொல்லவேண்டும் என்று யாரேனும் நினைக்கக்கூடும். லூக்காஸ் நற்செய்தியிலே சட்டவல்லுநன் ஒருவன் தன் அயலான் யார் என்று ஆண்டவரைக் கேட்டான். அதற்கு மறுமொழியாக ஆண்டவர் சமாரியன் ஒருவனின் கதையைச் சொன்னார். வேற்றினத்தவன், வேறு ஆலயத்தில் தொழுபவன், அவனே அயலான் என்று காட்டினார். கடற்கரையில் வாழும் நமக்கு அந்தக் கேள்விக்கு இன்னும் தெளிவான மறுமொழி இருக்கிறது. என் கல்லணைக்கு அப்பால் மணலை எதிர்பார்த்து நிற்பவனே என் அயலான். அவன் எந்தக் கோவிலுக்குப் போகிறான் என்று மணல் கேட்பதில்லை.

இங்கே நம் மனச்சாட்சியைத் தொடும் ஒரு காரியம் உண்டு. கடல் ஏறுகிறது என்றவுடன் நாம் என்ன கேட்கிறோம்? எங்கள் ஊருக்குக் கல் போட்டுத் தாருங்கள் என்று கேட்கிறோம். படுத்த பாயை அலை நனைக்கும்போது ஒரு தகப்பன் அப்படிக் கேட்பது நியாயமே. அவனைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. வைத்தியசாலையும் வீதியும் நெருங்கிய குடியிருப்பும் உள்ள இடத்தில் கல் போட்டே ஆகவேண்டிய வேளையும் உண்டு. ஆனால் கல் போட்டபின் அடுத்த ஊரின் கரை என்னவாகும் என்று நாம் கேட்டதுண்டா? ஒரு ஊர் தப்ப, அடுத்த ஊர் கரைகிறது. அந்த ஊரும் கல் கேட்கிறது. அதற்கடுத்த ஊர் கரைகிறது. தம்பி எங்கே என்று ஆண்டவர் கேட்டபோது, அவனைக் காப்பது தன் வேலையல்ல என்று காயின் கைவிரித்தான். கல்லுக்குப் பின்னால் நிம்மதியாய்த் தூங்கிக்கொண்டு அடுத்த ஊரை மறப்பவனும் அந்தச் சொல்லையே சொல்லுகிறான்.

ஆகவே கரையைக் காப்பது ஊர் ஊராகச் செய்யும் வேலையல்ல. கரை முழுவதையும் ஒரே உடலாகப் பார்த்துச் செய்யும் வேலை. ஓர் உறுப்பு வருந்தினால் மற்ற உறுப்புகளும் சேர்ந்து வருந்தும் என்று சின்னப்பர் திருச்சபையைப் பற்றிச் சொன்ன உண்மை கரைக்கும் பொருந்தும். நம் நாட்டிலே 1981இல் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் இயற்றப்பட்டது. கடற்கரையிலிருந்து 300 மீற்றர் நிலமும் இரண்டு கிலோமீற்றர் கடலும் ஒரே வலயமாகக் கணிக்கப்பட்டன. 1986இல் கடலரிப்பைத் தடுக்க முழுக் கரைக்குமான பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. கரையை ஒட்டாமல் சற்றுத் தூரத்தில் கடலுக்குள்ளே கல்லைக் குவித்து, அலையின் வேகத்தைக் குறைத்து, உள்ளே மணல் தங்கவிடும் வேலைகள் நீர்கொழும்புக்கு வடக்கே நடந்தன. அறிவும் சட்டமும் நம்மிடம் இல்லாமலில்லை. அடுத்தவனையும் சேர்த்து நினைக்கும் மனந்தான் குறைவாயிருக்கிறது.

ஒல்லாந்தரிடம் ஒரு பாடம்

இந்த மனத்தை ஒரு நாடு நீண்டகாலம் பயின்றிருக்கிறது. ஒல்லாந்தரை நாம் அறிவோம். நம் முன்னோரின் விசுவாசத்தை நசுக்கப் பார்த்தவர்கள். அவர்கள் காலத்திலேதான் புனித யோசேவ் வாஸ் மறைந்து மறைந்து வந்து நம் மக்களுக்குத் தேவதிரவிய அனுமானங்களை வழங்கினார். ஆயினும் நல்லதை எவரிடமிருந்தும் கற்கலாம். ஒல்லாந்து நாட்டின் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே பழங்காலந்தொட்டு, அணையோரம் நிலமுள்ள ஒவ்வொருவனும் அணையின் தன் பங்கைத் தானே பழுதுபார்க்க வேண்டும் என்பது வழக்கு. பழுதுபார்க்க முடியாதவன் தன் மண்வெட்டியை அணையிலே குத்திவிட்டு நிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். கடுமையான வழக்குத்தான். ஆனால் ஒருவனுடைய பங்கு உடைந்தால் எல்லாருடைய வீடும் மூழ்கும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

1953 பெப்ரவரி முதல் நாள் வந்த வெள்ளத்தில் 1,836 பேரை அந்த நாடு இழந்தது. அதன்பின் பெரும் அணைகள் கட்டினார்கள். அத்தனை கல்லும் சீமெந்தும் கண்ட அந்த மக்களே 1990 முதல், கரை பின்வாங்கும் இடங்களில் கடலடியிலிருந்து மணலை எடுத்துக் கரைக்குக் கொடுப்பதைத் தங்கள் நாட்டின் கொள்கையாக்கினார்கள். 2011இல் ஓரிடத்தில் மட்டும் இரண்டு கோடிக் கனமீற்றருக்கு மேற்பட்ட மணலைக் கரையில் கொட்டி, காற்றும் அலையும் அதை அயற்கரைகளுக்குப் பகிர்ந்துகொடுக்க விட்டார்கள். எரேமியாஸ் சொன்ன எல்லைக்கே அவர்களும் திரும்பி வந்திருக்கிறார்கள்.

மணல்மேல் கட்டிய வீடு

இன்னொரு வேதவாக்கியம் உங்களில் சிலருக்கு நினைவு வரலாம். மத்தேயு நற்செய்தியில், மணல்மேல் வீடு கட்டியவனை ஆண்டவர் மதிகேடன் என்கிறாரே. அப்படியிருக்க மணலை இவ்வளவு உயர்த்திப் பேசலாமா? இரண்டிலும் முரண்பாடில்லை. மணல் வீட்டுக்கு அத்திவாரமல்ல, வீட்டுக்குக் காவல். காவலாளியின் முதுகிலே ஏறிக் குடியிருப்பவன்தான் மதிகேடன். மணல்மேட்டைத் தட்டித் தரையாக்கி, அலைக்கு முகத்தைக் கொடுத்துக் கட்டிடம் எழுப்புகிறோம். பின்பு கட்டிடத்தைக் காக்கக் கல்மதில் கேட்கிறோம். கல்மதிலோ மிஞ்சிய மணலையும் கொண்டுபோகிறது.

கரையிலிருந்து விலகிக் கட்டு என்னும் விதி ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆழிப்பேரலைக்குப்பின் 2005இல், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டது. கடலைப் பார்த்தே தொழில் செய்யும் மீனவன் கடலை விட்டுத் தூரப் போகச் சொல்லப்பட்டான். உல்லாச விடுதிகளுக்கோ இடம் விடப்பட்டது. அந்த விதி பின்பு தளர்த்தப்பட்டது. அது விட்ட மனக்கசப்பு தளரவில்லை. செல்வனுக்கு நல்ல ஆசனத்தையும் ஏழைக்குக் காலடியையும் காட்டும் சபையை யாகப்பர் தம் திருமுகத்தில் கண்டித்திருக்கிறார். கரையைக் காப்பது என்ற பெயரால் ஏழையைக் கரையிலிருந்து துரத்துவது காவலல்ல.

கடலும் உயர்ந்து வருகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. அண்மைக்காலத்தில் இன்னும் விரைவாக உயர்கிறது. உலகத்தவரில் நாலில் ஒரு பங்கினர் கடலோரத்திலோ அதற்கு அண்மையிலோ வாழ்கிறார்கள் என்பதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில் நினைவூட்டினார். பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்பது அந்த மடலின் உயிர்க்கருத்து. கடல் உயரும் காலத்திலே மணலை அள்ளுவது, கள்வன் வருகிறான் என்று தெரிந்தபின் கதவைக் கழற்றி விற்பதற்குச் சமம்.

நாம் செய்யவேண்டியது

பங்குமக்களாகிய நம் கையில் என்ன இருக்கிறது?

முதலாவது, நாம் வாங்கும் மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்போம். இரவிலே உழவு இயந்திரத்தில் மலிவாக வரும் மணல் யாரோ ஒருவருடைய வரம்பு. நம் வீட்டுக்கு மட்டுமல்ல, நாம் எழுப்பும் ஆலயத்துக்கும் மண்டபத்துக்கும் இது பொருந்தும். அயலவனின் கரையைக் கரைத்துக் கட்டிய பீடத்தில் எந்தக் காணிக்கையை வைப்போம்? பீடத்தருகே நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பதல்லவா ஆண்டவரின் போதனை?

இரண்டாவது, மிஞ்சியுள்ள மணல்மேடுகளைத் தொடாமல் விடுவோம். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போனவர்கள் மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் ஆலயத்தின் சுவர்களைக் கண்டிருப்பீர்கள். ஓர் ஆலயத்தையே மூடக்கூடிய மணல், காற்றோடும் கடலோடும் சேர்ந்து அங்கே மதிலாய் எழுந்திருக்கிறது. அந்த மணலையும் இரவிலே ஏற்றிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மேடுகளிலே இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் தாழையும் வளரட்டும். களப்போரங்களில் கண்டல் நிற்கட்டும். திருநாளுக்கு வாகனம் நிறுத்த வேண்டுமென்று இவற்றைச் செதுக்கித் துப்புரவாக்க வேண்டாம்.

மூன்றாவது, கரையில் எந்தப் பெருவேலை வந்தாலும் சேர்ந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்போம்: மணல் எங்கே போகும்? துறைமுகமானாலும், விடுதியானாலும், கனிய மணல் அகழ்வானாலும் கேள்வி அதுவே. கொழும்புத் துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் கடல் நிரப்பப்பட்டபோது, கடலடியில் மணல் தோண்டுவதை எதிர்த்து நீர்கொழும்பு மீனவரும் அவர்களோடு குருக்களும் குரலெழுப்பினார்கள். மன்னாரிலே கனிய மணல் அகழ்வை எதிர்த்து 2025இல் மக்கள் வீதியில் நின்றார்கள். இது அரசியல், கோவிலுக்கு இதில் வேலையில்லை என்று ஒதுங்கவேண்டாம். இராயப்பரையும் அருளப்பரையும் ஆண்டவர் கடற்கரையில் நின்றே அழைத்தார். உயிர்த்தெழுந்தபின் அவர்களுக்காகக் கரையிலே தீ மூட்டி மீன் சுட்டுக் காத்திருந்தார். அவர் நின்ற கரை போன்ற கரையைக் காப்பது விசுவாசிக்கு அந்நிய வேலையல்ல.

நான்காவது, இதைத் தனியாகச் செய்ய முயலவேண்டாம். பக்கத்துக் கோவில் நிருவாகத்தோடும் பள்ளிவாசலோடும் விகாரையோடும் இருந்து பேசுவோம். நம் ஊருக்குக் கல் கேட்கப் போகும்போது அடுத்த ஊரவரையும் அழைத்துக்கொண்டு போவோம். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று நம்மவர் சொல்வார்கள். கடற்கரையைக் கண்டவன்தான் அந்தப் பழமொழியைச் சொல்லியிருக்கவேண்டும். தனித்த கொடியைச் சிறுபிள்ளை பிய்த்துவிடும். திரண்டு படர்ந்த கொடி, காற்றிலே பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கி ஊரைக் காக்கிறது.

ஆண்டவர் மணலைக் கடலுக்கு வரம்பாக வைத்தார். அந்த வரம்பைக் காக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தார். ஒவ்வொரு மணியும் தனித்தனியே அற்பம். சேர்ந்திருக்கும்வரை அதைக் கடல் மதிக்கிறது. நாமும் அப்படியே.

கடலின் விண்மீனாகிய மரியன்னை, கடலில் இருப்போரையும் கரையில் காத்திருப்போரையும் தம் திருமகனிடம் சேர்ப்பாராக. காற்றையும் கடலையும் அதட்டி அமர்த்திய ஆண்டவர், நம் ஆசையையும் அதட்டி அமர்த்தி, அயலவனின் கரையையும் நம் கரையாகப் பார்க்கும் கண்களைத் தந்தருள்வாராக. ஆமென்.